காசியம்மாவுக்கு ஒரு வரி

கோவில்பத்து, காரைக்கால்.
9.11.2024

மதிப்பிற்குரிய நித்யஸ்ரீ மேடம் அவர்களுக்கு,

உங்களிடம் நான்கு வருடம் கால்நடை உதவியாளராக வேலை பார்த்த தமிழ்மொழி எழுதுவது. மாஹேயில் நீங்களும் சாரும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை. சுரக்குடிப் பக்கம் வயலெல்லாம் தண்ணீர் நிற்கிறது. போனில் பேசியிருக்கலாம். பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்களும் ஏதாவது சமாதானம் சொல்லி வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

காய்ச்சல் இப்போது இல்லை. மாத்திரைகளை முழுதாகச் சாப்பிட்டு முடித்தேன். இடுப்பு வலி மட்டும் போகவில்லை. ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட ஆள் தேட வேண்டியிருக்கிறது. காய்ச்சல் மாசியில் தொடங்கியது. சாயங்காலமானால் ஏறும், விடியும்போது பாய் நனைய வேர்த்து இறங்கும். டைபாய்டு என்றார்கள், பிறகு மாதவிடாய் நிற்கிற வயது என்றார்கள். வீட்டுக்காரர் டிபி என்றே முடிவுகட்டி என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். செப்டம்பரில் காரைக்கால் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மாதான், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஏழு மாதத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார். மாட்டைக் குறைமாதத்தில் கன்று போடவைக்கும் கன்று வீச்சு நோய், மனிதருக்கும் ஒட்டும் என்றார்.

அன்றே உங்களுக்குப் போன் செய்தேன். மாட்டிடமிருந்து ஒட்டிய காய்ச்சலாம் மேடம் என்று மட்டும்தான் சொன்னேன். நீங்கள் உடனே இரண்டு மாத்திரைகளின் பெயரைச் சொல்லி, "ஆறு வாரம் ஒருநாள்கூட விட்டுடாதீங்க தமிழக்கா" என்றீர்கள். நோயின் பெயரை நான் சொல்லவே இல்லை. டாக்டர் அல்லவா, சட்டென்று புரிந்துகொண்டார் என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

போன மாதம், உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சோமசேகரன் சார் பீரோவை ஒழித்தார். அடித்தட்டில் பழைய தடுப்பூசிப் பதிவேட்டுக்குள் ஒரு கவர் இருந்தது. சுரக்குடி காசியம்மா மாட்டின் ரத்த முடிவு. கன்று வீச்சு நோய் உண்டு என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஜனவரி பத்தொன்பதாம் தேதி பெற்றுக்கொண்டதாக உங்கள் கையெழுத்து.

மார்கழியில் அந்தக் கொட்டகைக்கு நாம் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். ஏழு மாதச் சினை. செத்த கன்றைப் போட்டுவிட்டு மாடு நின்றது, நஞ்சுக்கொடி விழவில்லை. பையில் நீளக் கையுறை ஒரு ஜோடிதான். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வெறுங்கையால் கொடியைப் பிடித்தேன். தண்ணீர் முகத்தில் தெறித்தபோது உங்கள் துப்பட்டாவால் என் கண்ணைத் துடைத்துவிட்டீர்கள். பொங்கல் கழிந்து ரத்த முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல தமிழக்கா, தானா விழுந்ததுதான்" என்றீர்கள்.

அதே கவரில் இன்னொரு சீட்டும் இருந்தது. அடுத்த நாளே உங்கள் பெயரில் வெளி லேபில் எடுத்த ரத்தப் பரிசோதனை. அதிலும் நோய் உண்டு. பின்பக்கம் உங்கள் எழுத்தில் அதே இரண்டு மாத்திரை, ஆறு வாரம்.

நீங்கள் மாறுதலில் கிளம்பியது பிப்ரவரி இரண்டாம் தேதி. பதினான்கு நாள் மேடம். பதினான்கு நாளும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். என் டப்பாவிலிருந்து புளிக்குழம்பு எடுத்து ஊற்றிக்கொண்டீர்கள். சாப்பிட்டதும் மாத்திரை போடுவதைப் பார்த்து என்னவென்று கேட்டேன், சத்து மாத்திரை என்றீர்கள். கையுறை போட்ட உங்களுக்கே ஒட்டியிருக்கிறது. வெறுங்கையோடு பக்கத்தில் நின்றவளை ஒருமுறையாவது நினைத்தீர்களா?

முடிவை மேலே அனுப்பியிருந்தால் ஊர் மாடுகளையெல்லாம் சோதிக்கச் சொல்லியிருப்பார்கள், அது முடியும்வரை உங்களை விடுவித்திருக்க மாட்டார்கள் என்று சோமசேகரன் சார் சொல்கிறார். உங்கள் வீட்டு சார் மாஹேக்குப் பக்கத்தில் கண்ணூரிலும் நீங்கள் இங்கேயுமாக ஆறு வருடம் பட்டது எனக்குத் தெரியாதா? மாறுதல் உத்தரவு வந்த அன்று திருநள்ளாற்றில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தவள் நான். ஊருக்குச் சொல்ல முடியாவிட்டால் என் காதில் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். நானும் வாயை மூடிக்கொண்டு மாத்திரையைப் போட்டிருப்பேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

சுரக்குடியில் அதற்குப் பிறகு மருதையனின் இரண்டு மாடும் கன்று வீசிவிட்டன. நம் சினை ஊசியில்தான் கோளாறு என்று ஊரில் பேச்சு. ஊசி எடுத்துக்கொண்டு போகிறவள் நான், அதனால் என்னைக் கண்டாலே படலைச் சாத்துகிறார்கள். காசியம்மாவுக்கு முட்டி வீங்கி நடக்க முடியவில்லை. அதே காய்ச்சல், அதே வேர்வை. போன செவ்வாய்க்கிழமை சாரிடம் கேட்டு அந்த முடிவின் நகலை எடுத்துப் போய் காசியம்மாவிடம் படித்துக் காட்டினேன். ரத்தம் பார்க்க வேண்டும், என்னோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன். காகிதம் எப்போது வந்தது என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வந்தீங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது ஒனக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

எனக்கும் நோய் வந்தது என்றேன். நம்பவில்லை. என்னோடு வர மாட்டாராம். ஆஸ்பத்திரிக்கே போக மாட்டேன் என்கிறார்.

சார் முடிவை மேலே அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் ஊர் மாடுகளுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். உங்கள் சீட்டையும் சேர்த்து அனுப்பவா என்று என்னைக் கேட்டார். அது அவர் சொந்த விஷயம் சார் என்று வாங்கிக்கொண்டேன். இதோடு வைத்திருக்கிறேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எனக்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். காசியம்மாவுக்கு உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். காகிதம் உங்களிடம் வந்தது, தமிழ்மொழிக்குத் தெரியாது, அவளோடு போய் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவருக்குப் படிக்கத் தெரியாது, மகள் படித்துக் காட்டுவாள். நாள் கடத்தாதீர்கள் மேடம், முட்டி வலி இப்போது அவர் இடுப்புக்கும் ஏறுகிறது.

பாப்பாவுக்குப் பாலை நன்றாகப் பொங்கவிட்டுக் கொடுங்கள். குழந்தை நோய்நொடி இல்லாமல் வளரட்டும். நீங்களும் அந்த ஆறு வாரத்தை நடுவில் விடாமல் முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விட்டிருந்தால் மறுபடியும் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்மொழி