டிவிக்குப் பக்கத்துப் பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

பேத்தி இன்று மேலே வெள்ளைச் சட்டை, கீழே பூப்போட்ட பைஜாமா போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காரரோடு பேசினாள். "பாதி ஆள் வேலைக்குப் போறா, பாதி ஆள் தூங்கப் போறாளா?" என்று கேட்டேன். "கேமராவுல இடுப்புக்குக் கீழ தெரியாது பாட்டி" என்றாள். எழுந்து நிற்கச் சொன்னால் என்ன செய்வாளாம்?

அவளுடைய ஆபீஸை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். அதற்குள் வெளிநாட்டில் வேலை கிடைத்தால் போகலாம். இல்லையென்றால் அவள் அப்பாவின் சிநேகிதர் கம்பெனியில் சேர வேண்டும். என் மகனின் தீர்ப்பு. அந்த சிநேகிதர் சிமெண்ட் விற்கிறார். ஐந்து மொழி பேசுகிற பெண் சிமெண்ட் மூட்டையோடு எந்த மொழியில் பேசுவாள்?

மார்ச் 5, வியாழன்

கீழ்வீட்டு டீச்சரம்மா மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். "உங்க பேத்திக்கு என்னதான் வேலை?"

நான் சொன்னேன்: "எந்த நாட்டுக்காரன் கேட்டாலும் கம்ப்யூட்டர் அவன் பாஷையிலயே பதில் சொல்லணும். தப்பாச் சொல்லுச்சுன்னா இவ காதைப் பிடிச்சுத் திருத்துவா."

"ஓ, டீச்சர் வேலை" என்றார். என் பேத்தியைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார். பிறகு வழக்கம்போல, "என் பையன் வெளிநாடு போய் ஆறு வருஷமாச்சு" என்றார். நானும், "இவளும் சீக்கிரமே கிளம்புறா" என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

மார்ச் 9, திங்கள்

நாளைக்குக் கடைசிப் பேட்டி. குக்கர் வைக்கக் கூடாது என்று உத்தரவு.

மார்ச் 10, செவ்வாய்

எல்லாம் போச்சு.

நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு மொழி பேசினால் முதுகு நிமிரும், இன்னொன்று பேசினால் கை ஆடும். எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் இப்போது எது ஓடுகிறது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கதவிடுக்கில் கொஞ்ச நேரம் பார்த்துப் பூரித்துவிட்டு, ஆளில்லாத ஹாலில் வழக்கம்போல ஸ்விட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு, துணி மடிக்க உட்கார்ந்தேன். உள்ளே "ஹலோ, ஹலோ" என்று சத்தம். வெளியே வந்தாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நெட் போச்சு பாட்டி."

அவள் போன் வழியாகத் திரும்பப் பிடிப்பதற்குள் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சாயங்காலம் மகன் டிவி போட்டான், நெட்டும் தானாக வந்துவிட்டது. என்ன நெட் கம்பெனியோ. "சிமெண்ட் கடைக்கு நெட்டே வேண்டாம்" என்றான் மகன். மருமகள் பார்த்த பார்வையில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

மார்ச் 11, புதன்

நெட்காரத் தம்பியை வரவழைத்தோம். ஏணியில் நிற்கும்போதே பிடித்துக்கொண்டேன். "ஒரு பொண்ணோட எதிர்காலம் உங்க ஒயர்ல தொங்குதுப்பா. கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாம்?" பாவம், புது ஒயரே மாற்றினார். கீழே இறங்கி டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பாட்டிம்மா, நெட் பெட்டி டிவி ஸ்விட்சுலதான் ஓடுது. நேத்து யாராச்சும் அணைச்சீங்களா?"

மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் சேர்ந்தாற்போல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆளில்லாத ஹால்ல மூணு பச்சை விளக்கு எதுக்கு எரியணும்?" என்று கேட்டேன். தம்பி, "எங்க வீட்லயும் இதே கதைதான்" என்றபடி ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மார்ச் 12, வியாழன்

பேத்தி பேசவில்லை. ஐந்து மொழியிலும் பேசவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பேசிவிட்டாள். "அவங்களுக்கு நடந்ததை எழுதிட்டேன் பாட்டி."

"என்னன்னு?"

"எங்க பாட்டி கரண்டை மிச்சம் பிடிக்க நெட்டை அணைச்சிட்டாங்கன்னு."

"அடிப்பாவி. கடல் தாண்டி என் மானத்தை வாங்கிட்டியே. மழைன்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

"பொய் எழுதினா அடுத்த கேள்வியிலயே மாட்டிப்பேன்."

சாயங்காலமே பதில் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மறுபடி பேசலாமாம். அங்கே பேட்டி எடுக்கிற அம்மாவின் அப்பா, வீட்டு ஹீட்டரை இப்படித்தான் அணைத்து வைப்பாராம். எல்லா நாட்டிலும் நம்ம ஆட்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

ஸ்விட்சின் மேல் பெரிய பிளாஸ்திரியாக ஒட்டிவிட்டு, நாற்காலி போட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மகன் ஃபேன் போட வந்தான். "அந்த போர்டுல கை வச்சே, இருக்கு உனக்கு" என்றேன். வியர்வையோடு திரும்பிப் போனான்.

பேட்டி முடிகிற நேரத்தில், "பாட்டி, உன்னைப் பார்க்கணுமாம்" என்று குரல். மருமகளைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனேன். அந்த அம்மா கை ஆட்டினார். நானும் ஆட்டினேன். "தப்பு என்னோடதுங்க. புள்ளை கெட்டிக்காரி. எடுத்த வேலையைப் பாதியில விட மாட்டா. காலையில எழுப்பி விட மட்டும் ஆள் வேணும்" என்றேன். பேத்தி அதை அவர்கள் மொழியில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டு, எனக்கு இடம் கொடுக்க எழுந்தாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு கேட்டேன். "சிரிக்கிற மாதிரி என்னடி சொன்னே?"

"நீ சொன்னதைத்தான் பாட்டி. எழுப்பி விடறதை மட்டும் விட்டுட்டேன்."

"அப்போ எதுக்குச் சிரிச்சாங்க?"

குனிந்து தன் காலைப் பார்த்தாள். பூப்போட்ட பைஜாமா.

மார்ச் 24, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. மகன் சிமெண்ட்காரருக்குத் தானே போன் பண்ணி, குரலை உயர்த்திச் சொன்னான். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். யாரைக் கொண்டு பிறந்தான்?

நான் கீழே இறங்கி டீச்சரம்மாவிடம் சொன்னேன். சரிக்குச் சரியாகப் பேச நாலு வார்த்தை தயார் செய்துகொண்டுதான் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்க நேரம் வேற, நம்ம நேரம் வேற. எப்ப கூப்பிடுவாங்கன்னே தெரியாது. எங்கேயும் போயிடாதீங்க" என்றார். ஆறு வருஷத்தை இத்தனை நாள் பெருமைக்குச் சொன்னதாக நினைத்திருந்தேன்.

மே 24, ஞாயிறு

கிளம்பிவிட்டாள். பைஜாமாவையும் பெட்டியில் வைத்தேன்.

ஜூன் 6, சனி

மகன் வெளியே கிளம்பும்போது ஹாலில் நின்றான். "யாருமே இல்லாத இடத்துல இது எதுக்கும்மா எரியுது?" என்று ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டுபோனான். பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.