கடல் தாண்டிப் போன கூழு

சின்னா,

சாப்பிட்டாயா சாமி. இங்கே நான், உன் அக்கா பிரியா, மாப்பிள்ளை ஜெகதீஷ், குட்டி சுப்ரியா எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே பிரான்சில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று எல்லம்மாவைக் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். அப்பா போய் வருசம் திரும்பாமல் நான் கோயில் படி ஏறக் கூடாது என்பதால் வீட்டில் இருந்தபடியே கேட்கிறேன், அவளுக்குக் கேட்கும். ஐந்தாவதோடு நின்ற கை, எழுத்து முன்னே பின்னே இருந்தாலும் கூட்டிப் படித்துக்கொள். போனில் பேசலாம் என்றால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், பதினாறாம் நாளிலிருந்து இப்படித்தான் இருக்கிறாய். அதனால் எழுதுகிறேன், பிரியா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். வேலை முடிந்து ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி, நின்றுகொண்டே படிக்காதே.

ஜூஜுவாடியில் எப்போதும் போல லாரியும் புகையும்தான், ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போய் வருவதற்குள் பால் திரிந்துவிடும் போல இருக்கிறது. ராயக்கோட்டையில் தக்காளி இந்த வருசம் கேட்பாரில்லாமல் கிடக்கிறதாம், பஸ்ஸில் வந்தவர்கள் பை பையாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள், ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு சென்னம்மா தினமும் ஒரு கிண்ணம் சோறும் சாறும் கொண்டுவந்து நான் சாப்பிடும் வரை எதிரிலேயே நிற்கிறாள், அவள் கன்னடத்தில் என்னைத் திட்டுகிறாள், நான் தமிழில் அவளைத் திட்டுகிறேன், அந்தச் சண்டையிலேயே ஒரு வேளை சோறு உள்ளே போய்விடுகிறது. அப்பாவின் வண்டியை யாருக்கும் கொடுக்கவில்லை, வாரம் ஒரு தடவை மாப்பிள்ளை வந்து ஸ்டார்ட் பண்ணி நிறுத்துகிறார், அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு அடுப்பைப் பற்றவைக்கக் கை போகிறது.

நான் சொல்ல வந்தது வேறே. உன் மனசில் ஒரு முள் தைத்திருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியாதா. அப்பா போனபோது உனக்கு அங்கே பேப்பர் மாற்றுகிற சமயம், வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று உன்னால் வர முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்தைப் பிரியா போனைப் பிடித்துக்கொண்டு உனக்குக் காட்டினாள். மாடியில் இலை போட்டு அவருக்குப் பிடித்த களி, கீரைக் குழம்பு, கோழி, வடை எல்லாம் வைத்துக் கூப்பிட்டோம், காக்காய்கள் கரண்ட் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தனவே தவிர ஒன்றுகூட இறங்கவில்லை. ஆளாளுக்கு முன்னே போய், அம்மாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், குறையில்லாமல் வாங்க என்று சொல்லியும் பார்த்தார்கள். அப்போதுதான் உன் அத்தை சாந்தம்மா, அஞ்செட்டியிலிருந்து வந்தவள், கொள்ளி வெக்க வேண்டிய மவன் போனுக்குள்ள நின்னுக்கினு இருந்தா எங்கண்ணன் எப்பிடி எறங்கும், பையன் மேல கொறை வெச்சிக்கினே போயிடுச்சு என்று எல்லோர் எதிரிலும் சத்தமாகச் சொல்லிவிட்டாள். உன் முகம் போனில் அப்படியே நின்றுவிட்டது, லைன் நின்றதா நீ நின்றாயா எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த அமாவாசைகளிலும் காக்காய் தொடவில்லை, நீ கேட்டாய், நானும் உள்ளதைச் சொன்னேன்.

குறை இருந்தது சின்னா, இல்லை என்று சொல்லமாட்டேன். ஐடிஐ முடித்துத் தன் கம்பெனியில் தகடு அடிக்கிற தன் பிரஸ் ஷாப்பிலேயே நீ நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனுசன். நீ ஓட்டலில் கரண்டி பிடிக்கப் போனதை அவரால் ஷிப்டு ஆட்களிடம் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. போன புதிதில் நீ ஒரு நாள் போனில், எனக்கு இங்கே தினமும் கூழு போடுகிற வேலைதான் கொடுத்திருக்கிறார்கள் அம்மா என்று சொன்னாய், அப்படித்தான் என் காதில் விழுந்தது. நான் பெருமையாக ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூழு காச்சறதுக்கு எதுக்குடி ஏரோப்ளேன், ராயக்கோட்டை சந்தையில சட்டிய வெச்சா ஆவாதா, கடல் தாண்டிப் போயிருக்குதாம் கூழு என்றார். அன்றிலிருந்து அவர் வாயில் உனக்கு அதுதான் பேர். உன் போன் வந்தால் எழுந்து வெளியே போய் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பார், நான் போனை வைத்ததும் உள்ளே வந்து, இன்னா சொல்றான் கூழு காச்சறவன் என்று கேட்பார். கேட்காமல் ஒரு நாளும் விட்டதில்லை.

இப்போது கேள். இந்த மே லீவில் பிரியாவும் மாப்பிள்ளையும் என்னைப் பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சாந்தம்மா போன் போட்டு, தாலி எறங்கி வருசம் திரும்பல, அதுக்குள்ள டூரு கேக்குதா அண்ணிக்கு என்றாள், நானும் வரவில்லை என்றேன். மாப்பிள்ளைதான், டூரு இல்லீங்க அத்த, மச்சான் இன்னா வேலை செய்யறான்னு நம்மள்ள யாரும் கண்ணால பாத்ததில்ல, அந்த மாதிரி பிரெஞ்சு சாப்பாட்டுக் கடை அங்க ஒண்ணு இருக்குது, ஒரு வேளை சாப்ட்டு வந்துடலாம் என்றார். உன்னைப் பார்க்கப் போகிற மாதிரி இருந்தது, கிளம்பிவிட்டேன்.

கடை என்று சொல்லக் கூடாது அதை. மஞ்சள் சுவர் வைத்த பழைய பெரிய வீடு, நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு வேப்பமரம். அத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒரு சத்தம் இல்லை, நம் பக்கத்துக் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டேன், சாம்பார் சாம்பார் என்று கத்தாமல் இவர்களுக்கு எப்படிச் சோறு வருகிறது என்று. மேசை மேல் அப்பாவின் ஸ்பேனர் செட் மாதிரி சின்னதிலிருந்து பெரிசு வரை முள்ளும் கரண்டியும் கத்தியும் அடுக்கி வைத்திருந்தார்கள். பரிமாறுகிறவர் பேர் கோபி, விழுப்புரம் பக்கத்து ஆள், தலை நரைத்தவர். வந்ததும் ஒரு வெள்ளைத் துணியை உதறி என் மடியில் போட்டார், எனக்குப் பகீரென்றது, அப்பா காரியத்தில் என் அண்ணன் கோடிச் சேலை போட்டதற்குப் பிறகு என் மேல் யாரும் துணி போட்டதில்லை. பிரியா என் கையைப் பிடித்து, வாயி தொடைக்கறதும்மா என்றாள். என் கையில் கொடுத்த சாப்பாட்டு அட்டையில் விலையே இல்லை, மாப்பிள்ளை அட்டையில் மட்டும் இருந்தது, அவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்தார். இன்னா வெலை என்றேன், நல்ல வெலை அத்த என்றார்.

நாங்கள் ஒன்றும் சொல்வதற்கு முன்பே கோபி ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தார். தட்டு நம் சீர்த் தாம்பாளம் அகலம், நடுவில் எலுமிச்சம்பழம் அளவு ஒரே ஒரு உருண்டை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் குனிந்து, இது நீங்க கேட்டது இல்லம்மா, கணக்குலயும் வராது, எங்க மாஸ்டர் அனுப்புறது, எல்லாத்துக்கும் முன்னாடி இங்க கூழுதாம்மா வெப்போம் என்றார். கூழு என்றுதான் எனக்குக் கேட்டது. கேட்காமல் வருவது, கணக்கில் சேராதது, எல்லோருக்கும் முன்னால் எடுத்து வைப்பது, அதுவும் அகலத் தட்டில் ஒரு பிடி, அதுவும் கூழு. நம் வீட்டில் அப்படி யாருக்கு வைப்போம் நீயே சொல். வெள்ளைக்காரர்களும் செத்தவர்களுக்கு முதல் பிடி எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள், இவ்வளவு பெரிய இடத்திலும் அதை விடவில்லை, என் மகன் இத்தனை நாளாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறான் என்று நினைத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தப் பக்கம் திரும்பினால் பிரியா தன்னுடையதை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறாள். அடியே, அப்பாவுக்கு வெக்காம வாயில போட்டுக்கினியா என்று கேட்டேன், அவள் மெல்வதை நிறுத்திவிட்டாள்.

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். பிரியா, அம்மா ஒக்காரும்மா, எல்லாரும் பாக்கறாங்க என்கிறாள், கோபி சாப்பாட்டில் ஏதோ விழுந்துவிட்டது என்று பயந்து பின்னாலேயே ஓடி வருகிறார். மரத்தடிச் சுவர் மேல் தட்டை வைத்து, கா கா என்று கூப்பிட்டேன். அந்த அமைதியில் என் குரல் எனக்கே பெரிசாகக் கேட்டது, ஒரு வெள்ளைக்கார அம்மா முள்ளைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். மரத்தில் இரண்டு காக்காய் இருந்தது, இறங்கவில்லை. கோபி விசயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போனார். சரி, துரத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட மாஸ்டரே வெளியே வந்தார், நம் தமிழ் ஆள்தான், உன்னை விடக் கொஞ்சம் மூத்தவர். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இது ஆறி அமுங்கிப் போச்சும்மா, அமுங்குனத அவருக்கு வெக்கக் கூடாது, இருங்க என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இரண்டு கொண்டுவந்தார், பொன் மாதிரி மின்னிக்கொண்டு உப்பி நின்றது. ஒன்றைச் சுவர் மேல் வைத்து, அவரும் கோபியும் ஓரமாகத் தள்ளி நின்றார்கள். பிரியாவும் வந்து என் பின்னால் நின்றாள். வீட்டில் எல்லோரும் சொன்ன வார்த்தை ஒன்றும் எடுபடவில்லையே. ஏங்க, உங்க மவன் போடற கூழு வந்திருக்குதுங்க, கடல் தாண்டிப் போனது திரும்பி வந்திருக்குது, ஒரு வாயி சாப்டுங்க என்றேன். அவ்வளவுதான் சொன்னேன் சின்னா. கீழ்க் கிளையில் இருந்த காக்காய் சுவருக்கு இறங்கியது, கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தது, அப்பா என் சமையலைப் பார்க்கிற பார்வை, பிறகு ஒரே கொத்தாகக் கொத்தி முழுசையும் தூக்கிக்கொண்டு ஓட்டு மேல் போய் உட்கார்ந்து சாப்பிட்டது. மாஸ்டர் மூச்சு விட்டார். பிரியா என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், அப்பா போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள், கூழு இல்லம்மா, கூழேர், அது பிரெஞ்சுப் பேரு, சீஸ் போட்டுச் சுடறது, தம்பி செய்யறது இதான் என்று. எனக்காக வைத்த இன்னொன்றைக் கையிலேயே எடுத்துக் கடித்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை சாமி. காற்றுதான். வெளியே மொறுமொறு என்று ஒரு தோல், உள்ளே வெறும் காற்று, ஆனால் வாய் முழுக்க ருசி நிற்கிறது. காற்றைப் பிடித்து மாவுக்குள் நிற்கவைப்பதா நீ செய்கிற வேலை. மாஸ்டர் சொன்னார், இத ஒழுங்கா உப்ப வெக்கறதுக்குள்ள நான் அழுதுட்டேம்மா, அடுப்புக் கதவ அவசரப்பட்டுத் தொறந்தா அப்பிடியே உக்காந்துடும், இத நம்பி ஒருத்தன்கிட்டக் குடுத்தா அவன் மேல மதிப்பு இருக்குதுன்னு அர்த்தம் என்று. பிறகு முள்ளே இல்லாத மீன் வந்தது, வெண்ணெயில் மிதந்தது. நடுவில் வாய் குளிர ஒரு கரண்டி ஐஸ் கொடுத்தார்கள். துணி மேல் விழுந்த ரொட்டித் துகளைக் கோபி ஒரு சின்னத் தகட்டால் வழித்து எடுத்தார், அதற்கென்றே ஒரு தகடு வைத்திருக்கிறார்கள் பார். எல்லாம் அதிசயமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு வாயில் அந்தக் காற்றுதான் நின்றது.

இரவு சாந்தம்மாவுக்குப் போன் போட்டுக் காக்காய் எடுத்ததைச் சொன்னேன். எங்கண்ணன் தின்னுச்சா அண்ணி, நல்லா தின்னுச்சா என்று கேட்டு மூக்கை உறிஞ்சினாள். உன்னிடம் பேச வேண்டும் என்றாள், அவள் கூப்பிட்டால் எடு, பழையதை வைத்துக்கொள்ளாதே.

அடுப்புச் சூட்டிலிருந்து வந்து உடனே குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே. காலுறை நனைந்தால் மாற்று. அடுத்தவர்களுக்குச் சுட்டுப் போட்டுவிட்டு நீ ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுக்காதே, சோறு வடித்துச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் போடு, இனிமேல் சரிம்மா என்று மட்டும் சொன்னால் நான் வைக்கமாட்டேன். நீ கை வைத்தது எல்லாம் அமுங்காமல் உப்பி நிற்கட்டும், எல்லம்மா உன் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
வெள்ளையம்மா

மடித்து வைத்த பிறகு மறுபடி எடுத்து எழுதுகிறேன். களியையும் கூழையும் விட்டால் வேறொன்றைத் தொடாத மனுசன், நானோ கூழு என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். கூழு என்று நினைத்து ஏமாந்து எடுத்தாரா, இல்லை நீ போடுவது என்று தெரிந்தே எடுத்தாரா சின்னா?