வெட்டி எறிந்த சத்தம்

நோயோன், கோபி பாலைவனம், மங்கோலியா
9 மார்ச் 2005

தெமுலென் தம்பிக்கு,

மந்தை நலமா என்று கேட்டிருந்தாய். மந்தை நலம். என் வீட்டுக்காரர் இந்தக் குளிர்காலப் பனிப்புயலில் போய்விட்டார்.

நீ அனுப்பிய பாட்டுச் சிடியைப் பக்கத்துக் கூடாரத்து லாரியில் போட்டுக் கேட்டேன். அதிலிருந்து வயிறு எரிகிறது.

போன வசந்தத்தில் எங்கள் ஒட்டகம் குட்டியைப் பால் குடிக்க விடாமல் உதைத்துத் தள்ளியது. அதன் மனசு இளக நான் "ஹூஸ், ஹூஸ்" என்று பாடியதைத்தானே பதிந்தாய்? ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து நின்றவர் என் வீட்டுக்காரர். வாய் ஓயாது அவருக்கு. பாட்டு நெடுக ஒட்டகத்தைத் திட்டுவதும் கொஞ்சுவதுமாக இருந்தார். சிடியில் அவர் எங்கே? ஒட்டகம்கூட இல்லை. கிணற்றில் விழுந்தவள் மாதிரி நான் மட்டும் தனியாகக் கத்துகிறேன்.

அதிலேயே மாலி நாட்டுக்காரி ஒருத்தி தானியம் இடித்துக்கொண்டு பாடுகிறாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் உலக்கை விழுகிறது. பின்னால் ஒரு ஆள் என்னவோ சொல்ல, அவளுக்குப் பாட்டிலேயே சிரிப்பு வந்துவிடுகிறது. அவள் ஆளை விட்டுவைத்தாய். என் ஆளை ஏன் வெட்டினாய்?

அவர் போட்டோ இரண்டு என்னிடம் இருக்கிறது. குரல் உன்னிடம் மட்டும்தான். வெட்டியதை அனுப்பு.

நொர்ஜ்மா

உலான்பாதர்
21 மார்ச்

அன்புள்ள நொர்ஜ்மா அக்காவுக்கு,

உங்கள் வீட்டுக்காரர் போனது உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. மாலிப் பாட்டு வேறொருவர் பதிந்தது. நம் பாட்டைச் சுத்தம் செய்தது நான்தான். உங்கள் குரல் தெளிவாகக் கேட்கட்டும் என்று காற்று, ஒட்டகம், பேச்சு எல்லாவற்றையும் இடைஞ்சலாக நினைத்து எடுத்துவிட்டேன். அசல் நாடாவின் மேல் வேறு பாட்டைப் பதிந்தாகிவிட்டது. உங்கள் பாட்டு முடிந்தபிறகு வரும் அரை நிமிடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை இன்னொரு சிடியில் அனுப்பியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

தெமுலென்

நோயோன்
14 ஏப்ரல்

தெமுலெனுக்கு,

கேட்டேன். காற்று. குட்டி பால் குடிக்கிற சத்தம். அப்புறம் அவர்:

"போதும்டி, ஒட்டகம் அழுதுருச்சு பாரு. நீ எதுக்கு அழற? அந்தப் பட்டணத்துப் பையன் மூக்கு நீலமாயிருச்சு. போய் நம்ம உப்பு டீ ஊத்திக் குடு. உப்புக் கம்மியாப் போடு, பாவம், பழக்கமிருக்காது."

நீ அந்த டீயைக் குடித்தாய். இரண்டு கிண்ணம். அப்புறம் ஊருக்குப் போய், டீ கொடுக்கச் சொன்னவரை இடைஞ்சல் என்று வெட்டினாய்.

நேற்று இன்னொரு ஒட்டகம் குட்டியை உதைத்தது. பாட நின்றேன். கயிற்றைப் பிடித்த பக்கத்துக் கூடாரத்துக்காரன் துக்க வீடென்று வாயே திறக்கவில்லை. "ஏதாவது திட்டேன்டா" என்றேன். "என்னன்னு திட்டறது அக்கா?" என்கிறான். எனக்குப் பாட்டு வரவில்லை. குட்டிக்குப் புட்டியில் பால் கொடுக்கிறேன்.

உன் மன்னிப்பு எனக்கு வேண்டாம். இந்தப் பக்கம் எப்போதாவது வந்தால் கூடாரத்துக்கு வா. டீ தருவேன், அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாடச் சொல்லிக் கேட்காதே.

நொர்ஜ்மா