நிற்க வைத்து எடுத்த அளவு

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி இன்று சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. கதவைத் திறந்து வைத்தது நான்தான். என் வீட்டுக்காரருக்குப் பனி பிடித்திருக்கிறது. எதிரே ஒன்றும் தெரியாவிட்டால் ஒன்றும் சுற்றாது என்கிறார். காதுக்குள் நோய் வந்ததிலிருந்து அவருக்கு எந்தப் பொருளும் வைத்த இடத்தில் நிற்பதில்லை. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "இந்தச் சுவரு மெதுவா நடந்து போகுது பாரு" என்றார், தெரிந்தவர் யாரோ தெருவில் போவதைச் சொல்வதுபோல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடியாகிவிட்டது. ஊசிக்கு அடியில் துணி ஓடுவதைப் பார்த்தாலே கிறுகிறுக்கிறதாம். தையற்காரருக்கு வரவேண்டிய நோயா இது? கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடகட சத்தத்தில்தான் தூங்கிப் பழகியிருக்கிறேன். இப்போது பம்ப் ஹவுஸ் உறுமல் மட்டும்தான் கேட்கிறது. அது என் வேலைச் சத்தம். அதில் எனக்குத் தூக்கம் வராது.

பிப்ரவரி 5, வியாழன்

கனவு. எங்கள் வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி மலையிறங்கிப் போகிறது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்கிறார். நான் செருப்பில்லாமல் பின்னாலேயே நடக்கிறேன். பயமே இல்லை. விழித்த பிறகுதான் பயம் வந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

நாத்தனார் போன் செய்தார். இவருடைய அக்கா, நான் அண்ணி என்பேன். மலைக்குக் கீழே சமதரையில் வீடு. ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். தலைசுற்றலுக்குப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா, வாரா வாரம் வந்தால்தான் குணமாகும், விட்டால் அப்படியே நிலைத்துவிடும் என்று சொன்னது அண்ணிக்குத் தெரியும். போன தடவை நடந்ததும் தெரியும். வளைவுக்கு வளைவு எங்கள் ஜீப் சாய, இவர் வாந்தி எடுத்து எடுத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையோடு தரையாகப் படுத்துவிட்டார். இனி இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று அங்கே படுத்தபடியே சொன்னார்.

அதனால் அவர் இனி அண்ணி வீட்டிலேயே இருக்கட்டுமாம். மாசக் கடைசியில் ஆள் அனுப்புவாராம், நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போக. நான் எப்படிக் கூடப் போவது? ஊருக்குத் தண்ணீர் விடக் காலையும் மாலையும் பம்ப்பைப் போட்டு வால்வைத் திறக்க ஆள் வேண்டும், அந்த ஆள் நான். சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அண்ணி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல்.

போனை அவரிடம் கொடுத்தேன். "சரிக்கா" என்றார். அவ்வளவுதான். சரியாம்! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? நான் என்ன இந்த வீட்டு ஜன்னலா, சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருக்க?

பிப்ரவரி 9, திங்கள்

பேசவில்லை. அவரும் பேசவில்லை. பனி மட்டும் வந்து போனது.

பிப்ரவரி 12, வியாழன்

கோபத்தில் ஜீப்பைக் கழுவினேன். கோபம் வந்தால் எதையாவது கழுவுவது என் வழக்கம். இந்த வாரம் வீட்டில் மிச்சமிருந்தது ஜீப்தான்.

எங்கள் கல்யாணத்தைவிட வயசான வண்டி. ஓடையைத் தாண்டவேண்டும் என்று, எங்களுக்கு விற்றவர் உயரமான ஸ்பிரிங் போட்டுத் தூக்கி வைத்திருக்கிறார். ஏற ஏணி வேண்டும். உயரத்தைக் குறைத்தால் ஓடைத் தண்ணீர் எஞ்சினுக்குள் வந்துவிடும். உயரம் இருப்பதால் வளைவில் படகு மாதிரி சாயும். எனக்கு அந்தச் சாய்வு பிடிக்கும், சொன்னால் என்ன. வெயில் சாயும் நேரத்தில் தனியாக இறங்கினால் மலையே என்னை மடியில் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கும். நோய்க்கு முன்னால் அவரும் முதல் வளைவிலேயே தூங்கிவிடுவார், என் தோளில் எச்சில் ஒழுக. ஓட்டுகிறவள் தோள் என்ன தலையணையா என்று கத்துவேன். கேட்டால்தானே.

வண்டியின் அடிச்சட்டத்தில் முன்பக்கம் இரண்டு புறமும் காலி ஓட்டைகள் இருக்கின்றன. எத்தனையோ தடவை பார்த்ததுதான். இன்றைக்குத்தான் அங்கே என்ன இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றியது.

பிப்ரவரி 14, சனி

பட்டறைக்காரரை எல்லோரும் மெதுவண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நட்டைக் கழற்றி முடிப்பதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும். ஓட்டையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். ஸ்வே பார் இருந்த இடமாம். கல்லுமேட்டில் சக்கரம் தாராளமாக ஏறி இறங்கட்டும் என்று, வண்டியைத் தூக்கினவர் அதைக் கழற்றிப் போட்டிருக்கிறார்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. இரண்டு கையும் மடங்கிய ஒரு இரும்புக் கம்பி. அதை அடிச்சட்டத்தில் பொருத்தி, ஒவ்வொரு கை நுனியிலிருந்தும் ஒரு தண்டை இறக்கிச் சக்கர அச்சோடு சேர்க்க வேண்டும். தண்டுக்குப் பெயர் லிங்க். வளைவில் வண்டி ஒரு பக்கம் அமுங்கப் பார்த்தால் கம்பி முறுக்கிக்கொண்டு அடுத்த பக்கத்தையும் சேர்த்து இழுக்கும், சாயவிடாது. "புருஷன் பெண்டாட்டி மாதிரிம்மா" என்றார் மெதுவண்ணன். கல்யாணமே ஆகாதவர் சொல்கிறார், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இதே வகை வண்டியைப் பிரித்தபோது எடுத்த கம்பி ஒன்று அவரிடம் கிடந்தது. ஆனால் அதன் லிங்க் எங்கள் வண்டி உயரத்துக்கு எட்டாது. நீளமாகப் புதிதாகச் செய்ய வேண்டும். கம்பியின் கைகள் மேலேயும் தூக்காமல் கீழேயும் தொங்காமல் மட்டமாக இருக்கிறபடி வைத்து அளவெடுக்க வேண்டுமாம். வண்டியை விட்டுப் போ என்றார். அவர் வேகத்துக்கு விட்டால் மாசக் கடைசி வந்து, ஆள் வந்து, நாற்காலியும் வந்துவிடும். நானே எடுத்துத் தருகிறேன் என்று கம்பியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நடந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஜாக்கி போட்டு, அடிச்சட்டத்தைக் கட்டைகள்மேல் நிறுத்தினேன். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. அடியில் படுத்துப் புரள எவ்வளவு இடம்! கம்பி ஜம்மென்று போய் உட்கார்ந்தது. கைகளை மட்டமாகப் பிடித்துக் கட்டிவிட்டு அளவெடுத்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் எடுத்தேன்.

கையால் தட்டினதில் ஒரு சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தபடி அங்கேயே கண் அசந்துவிட்டேன். கனவில் அவர் கூரைமேல் நிற்கிறார், கழுத்தில் இஞ்ச் டேப். ஒரு மேகத்துக்கு அளவெடுக்கிறார். தோள் அகலம் ஜாஸ்தி என்று என்னிடம் குறை சொல்கிறார். கொஞ்சம்கூடத் தள்ளாடவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

லிங்க் வந்தது. மாட்டினேன். வண்டியைத் தரையில் இறக்கினதும் கம்பியின் கைகள் இரண்டும் கும்பிடுகிற மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றன. ஓட்டினால் படிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் குழியிலேயே டங். அடுத்த குழியில் டங் டங். கம்பி போய் அடிச்சட்டத்தில் இடிக்கிறது. ஓடை வரைக்கும்கூடப் போக முடியவில்லை.

திரும்பி வந்து ஸ்பானரை வீசினேன். வாளியில் பட்டது. வாளி என்ன பண்ணுச்சு பாவம் என்று வீட்டுக்குள்ளிருந்து அவர் குரல்.

முடிஞ்சது. போகட்டும். அங்கேயே இருக்கட்டும், நல்லா ஆகட்டும். நான் இங்க பம்ப்போட பேசிக்கிட்டுக் கிடக்கறேன். — யாருக்கு எழுதறேன் இதை? அவர் இல்லாம என்னால இந்த வீட்ல இருக்க முடியாது. முடியாதுங்க. எப்படி இருப்பேன்?

பிப்ரவரி 21, சனி

தரையில் உட்கார்ந்து பை அடுக்கிக்கொண்டிருந்தார். சட்டைகளை மட்டும் தனியாக மடித்து வைத்திருந்தார். என்னத்தைப் போட்டு உடைக்கிறே கொட்டகையில் என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: ஓட்டை, கம்பி, லிங்க், டங்.

"அளவு எடுக்கும்போது வண்டி நின்னுச்சா, தொங்குச்சா?"

தொங்கியது, அப்போதுதானே அடியில் படுக்க முடியும் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் தலை சுற்றி, இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே சிரித்தார்.

"கிளையில தொங்கறவனுக்கு யாராவது பேன்ட் அளவு எடுப்பாங்களாடி? காலைத் தரையில ஊன வெச்சு, எப்பவும் நிக்கற மாதிரி நிக்க வெச்சுத்தான் எடுக்கணும்."

ஐயோ. தொங்கும்போது சக்கரம் தழைந்து கிடக்கும். நின்றால் வண்டியின் கனம் இறங்கி, இடைவெளி குறைந்துவிடும். அளவு நீளமாகப் போனதில் என்ன ஆச்சரியம்? தையற்காரர் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

நாலு சக்கரத்துக்கும் அடியில் பலகைக்கல் வைத்து ஜீப்பை ஏற்றினேன். வண்டி தன் காலில் நிற்கிறது, நானும் அடியில் நுழையலாம். லிங்க்கைக் கழற்றிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு படுக்கப்போனால், கொட்டகை வாசலில் சுவரைப் பிடித்தபடி அவர். வெறும் வண்டிக்கா அளவெடுக்கிறாய், போகிற ஆட்களோடு சேர்த்து எடு என்றார். பிறகு சுவரை விட்டார். ஜீப்பின் கதவைப் பிடித்தார். நெற்றியை அதன்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் இரண்டு கையையும் நீட்டியபடி பக்கத்தில் நின்றேன், தொடவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டி அவர் பக்கம் ஒரு விரல் அளவு இறங்கியது.

என் சீட்டில் மணல் மூட்டை வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒரு மூட்டை பத்தாதே என்றார். திமிரைப் பார்.

அடியில் படுத்துக்கொண்டு, முகம் தெரியாத தைரியத்தில் கேட்டேன். போறேன்னு அன்னைக்கு எதுக்குச் சொன்னீங்க? பனி டயர்களுக்கு நடுவே புகுந்து என் கால்மேல் ஏறியது.

"ஒவ்வொரு தடவையும் என் வாந்தியை நீ கழுவறது எனக்குப் பிடிக்கலை. அதான் சரின்னேன். போகணும்னு ஆசைப்பட்டா சொன்னேன்?"

ஒழுங்காக அளவைக் காட்டு என்று டேப்பைத் திட்டினேன். கண் மங்கி எண் தெரியவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

மெதுவண்ணன் லிங்க்கைப் புது அளவுக்குக் குறைத்துக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

பிப்ரவரி 26, வியாழன்

மாட்டியாயிற்று. கைகள் மட்டமாகப் படுத்துவிட்டன. தனியாக இறங்கிப் பார்த்தேன். டங் இல்லை. வளைவில் வண்டி நிமிர்ந்தபடியே திரும்புகிறது, பள்ளிக்கூட ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி. சந்தோஷம்தான். ஆனால் கொஞ்சம் வருத்தமும் இருந்தது; என்னை ஆட்டிக்கொண்டிருந்த மடி போய்விட்டது. அதற்காக ஒரு வளைவு வரைக்கும் துக்கம் கொண்டாடிவிட்டு, திரும்பி வந்து மாலைத் தண்ணீரைத் திறந்தேன்.

பிப்ரவரி 28, சனி

ஆள் அனுப்ப வேண்டாம், நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தேன். காலை வால்வை மூடிவிட்டு வந்தால் அவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் பை. பையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மெதுவாகத்தான் ஓட்டினேன். டாக்டரம்மா சொன்னபடி தூரத்து மலை முகட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பனி அதை மறைத்ததும் நிறுத்தச் சொன்னார். இருவரும் ஒரு கல்மேல் உட்கார்ந்தோம். முகம் வெளிறியிருந்தது, ஆனால் வாந்தி இல்லை. பனிக்குள் எங்கள் ஜீப் மட்டும் தரையைத் தொடாமல் மிதக்கிற மாதிரி தெரிந்தது. போலாம் என்று அவரே எழுந்தார்.

பயிற்சி முடிந்து அண்ணி வீடு. ஜன்னலோர அறையைக் காலி செய்து, கட்டில் போட்டு, திரைக்குத் துணிகூட வாங்கி வைத்திருந்தார். தைக்கவில்லை. அவர் தன் காலில் இறங்கி வந்ததை அண்ணி வாசலில் நின்று பார்த்தார். அப்புறம் வண்டிக்குள் பார்த்தார்.

"பையை உள்ள வைக்கட்டுமாடா?"

"வண்டியிலேயே இருக்கட்டும்க்கா. வாரா வாரம் வந்துட்டுப் போறேன்."

நான் ஓடுகிற எஞ்சினை அணைக்க மறந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி விறுவிறுவென்று உள்ளே போனார். கோபம் என்றுதான் நினைத்தேன். திரைத்துணியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, "அப்ப இதையாவது தச்சுக் கொடு, எப்ப முடியுதோ அப்ப" என்றார். மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

திரும்பி ஏறும்போது முதல் வளைவில் இல்லை, ஓடைக்கு முந்தின வளைவில் தூங்கிவிட்டார். தோளில் எச்சில். கத்தவில்லை.

மார்ச் 14, சனி

மாலை பம்ப்பை நிறுத்திவிட்டு ஏறி வந்தால் நல்ல பனி, வீடு தெரியவில்லை. கடகட என்று ஒரு சத்தம். நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. சுவர் நடந்து போய்த் திரும்பி வரட்டும் என்று காத்திருக்கிறார் போல. மறுபடி கடகட. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்து, உள்ளே போகாமல் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

தூங்கிவிட்டிருக்கிறேன். பனியில எதுக்குடி இப்படி உட்கார்ந்திருக்கே என்ற குரலுக்குத்தான் கண் விழித்தேன். என்மேல் போர்த்த, கனத்த கம்பளியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சுவரைப் பிடிக்காமல், இரண்டு கையாலும்.