எழுதிக்கொடுத்தவள் சொல்லிக்கொடுக்கிறாள்

லிந்துலை

அன்பு மகன் சிவகரனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் தங்கச்சியும் சுகம், டோஹா வெயிலில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். போனில் நீ எப்போதும் அவசரத்தில் இருக்கிறாய், அதனால் இதை எழுதியே சொல்கிறேன்.

தங்கச்சி அனோஜா வெளிநாட்டுக் கம்பஸ்களில் படிக்கும் பிள்ளைகளின் கட்டுரைகளை வீட்டிலிருந்தே காசுக்கு எழுதிக்கொடுத்து வந்தாள் அல்லவா, அந்த வேலை இந்த வருசம் அப்படியே நின்றுபோனது. கேட்டதற்கு, "இப்ப மெஷினே எழுதிருதுப்பா, நம்மள யாரு தேடுவாங்க" என்று சொல்லிப் போனில் ஒரு கேள்வியைத் தட்டிக் காட்டினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் பக்கம் பக்கமாக இங்கிலீஷ் ஓடியது மகனே. தேயிலை பெக்டரியில் மெஷின்களோடேயே காலம் தள்ளியவன் நான், இப்படி ஒரு மெஷினைக் கண்டதில்லை. அம்மா பயந்து, கொழும்பில் ஏதாவது கடை வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லத் தொடங்கினாள். அனோஜா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அப்போதுதான் லண்டனில் நர்சிங் படிக்கும் பிள்ளையொன்று கூப்பிட்டது. முன்பு இவளிடம் எழுதி வாங்கிய பிள்ளைதான். கட்டுரையை மெஷின் கொடுத்துவிட்டதாம், ஆனால் எழுதியதைக் கம்பஸில் டீச்சர்மார் முன்னால் நின்று விளக்கச் சொல்கிறார்களாம், தனக்கு ஒன்றுமே விளங்கவில்லை, சொல்லித் தாருங்கள் என்று அழுததாம். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போனில் பாடம்தான். இருதயம் எப்படி இரத்தத்தை இறைக்கிறது, எங்கே அடைக்கும் என்றெல்லாம் அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் கதவோரம் அசையாமல் நின்றேன். எழுதி எழுதியே அவ்வளவும் படித்திருக்கிறாள். நம் தோட்டத்து லயத்து வரிசையில், இந்தக் காம்பரா அறைக்குள் இப்படி ஒரு மகள் இருந்தது எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

இனி இந்தத் தொழில் என்னவாகும் என்று கேட்டேன். "எழுதிக் குடுக்கிற காலம் முடிஞ்சிருச்சுப்பா, இனிமே வெளங்க வைக்கணும். அதையும் மெஷின் செய்ய வந்தா அப்ப பாத்துக்குவோம்" என்றாள்.

அந்தப் பிள்ளை பாஸாகிவிட்டது. அன்று முதல் தடவையாக முகம் காட்டிப் பேசி, உங்கள் பெயர் என்ன என்று கேட்டதாம். இத்தனை வருசமும் எழுதி வாங்கிய பிள்ளைகளுக்கு இவள் வெறும் போன் நம்பர்தான். பெயரைச் சொல்லிவிட்டு வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் போய் மழையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை, நானும் கிட்டே போகவில்லை.

தண்ணீர் நிறையக் குடி, தீபாவளி லீவை இப்போதே கேட்டு வை. ஞாயிற்றுக்கிழமை அவளோடு பேசு, நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே, அவள் வாயாலேயே சொல்லட்டும். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேறு என்ன வேண்டும்.

உன்னை நினைத்தபடி,
அப்பா சின்னராசா