உனக்கு மட்டும் ஏசி ரூம்

சாரம், புதுச்சேரி.

அன்பு மகன் அன்பழகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே லியோனில் குளிர் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரிந்தால் போதும். போனில் உன் குரல் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு ரசத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம், அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

அடுத்த மாதம் ஆகாஷ் கல்யாணத்துக்கு வரட்டுமா வேண்டாமா என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அவன் பத்திரிகை வைக்க வந்தான். தட்டை அப்பாவிடம் நீட்டி, "அன்புக்கு மட்டும் தனியா ஏசி ரூம் போட்டிருக்கேன்ப்பா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, நல்ல லாட்ஜ்" என்றான். உங்கள் கூட்டத்து மற்ற பையன்கள் முதல் நாள் ராத்திரி மண்டபத்து மாடி ஹாலில்தான் படுக்கிறார்களாம். பிரான்சிலிருந்து வருகிறவனுக்கு மரியாதை செய்கிறான் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் காபி குடிக்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அடுப்படி வரை வந்து குழம்புச் சட்டியைத் திறந்து பார்க்கிற பையன், முன்னறையிலேயே உட்கார்ந்து எழுந்து போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து உங்கள் கூட்டாளி லூர்துபிரகாஷ் வந்தான். இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு, அந்த ரூமைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். அன்பு என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டான், நீ மறைக்காதே என்றேன். அவன் தட்டையே பார்த்துக்கொண்டு, "அது மரியாத இல்லம்மா, அவன் பக்கத்துல படுக்க பசங்களுக்கு ஒரு மாதிரி இருக்காம்" என்றான். நீ ஆண்களைத்தான் விரும்புகிறாய் என்று பொங்கல் சமயத்தில் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியபோது எல்லாரும் ஹார்ட் போட்டார்கள் என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். "அதுவும் நெஜந்தாம்மா, ஆனா போன்ல போடறது ஈஸி" என்கிறான் லூர்து. நீ என்னடா செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "நான் அவன்கூட படுத்துக்கறேன். ஏசிய உட்டுட்டு கொசுக்கடியில கெடக்க நான் என்ன லூசா" என்று சிரித்தான். அப்புறம் சட்னியை வழித்தபடியே, "வீட்ல பொண்ணு பாக்கறாங்கம்மா, எவனாவது எதனா சொல்லிட்டான்னா..." என்று நிறுத்திவிட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. பயத்தை ஒளிக்காமல் சொன்னானே. எனக்கே இன்னும் முழுதாகப் பழகவில்லை கண்ணு.

அன்று மதியமே ஆகாஷுக்குப் போன் செய்தேன். நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியும் பேங்கில் பேனா கேட்கக் கூச்சப்படுகிறவள் நான், உனக்குத் தெரியும். "பசங்கதாம்மா சங்கடப்படறாங்க" என்றான். "பசங்கன்னா யாருப்பா? எங்க மாடியில ஒரே ஜமுக்காளத்துல உருண்ட அதே பசங்கதானே? அன்னிக்கும் இவன் இதே அன்புதானே?" என்று கேட்டேன். "அப்புறம் கூப்பிடறேம்மா" என்றான். இன்னும் கூப்பிடவில்லை.

என்னைக் கேட்டால், வா. அவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஒன்றும் தெரியாமல் வந்து லாட்ஜ் வாசலில் நீ தனியாக நிற்கக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதினேன். ரிசப்ஷனில் சாப்பிட்டுவிட்டு நேராக நம் வீட்டுக்கு வந்துவிடு. ஜமுக்காளத்தைத் துவைத்து வைத்திருக்கிறேன். லூர்து வந்தால் வரட்டும். மற்றவர்களுக்கும் மாடிப்படி தெரியும்.

அப்பாவிடம் உன் விஷயத்தை நீதான் சொல்ல வேண்டும், சொல்லும்போது நான் பக்கத்தில் இருப்பேன். ஆனால் சீக்கிரம் சொல். பால்காரர், எதிர்வீட்டுப் புருஷோத்தமன், யாரைப் பார்த்தாலும் அப்பா, "எம்புள்ளைக்கு மட்டும் தனியா ஏசி ரூம் போட்டிருக்காங்க" என்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் உள்ளே போய்விடுகிறேன்.

ஆயுசோடும் தைரியத்தோடும் இரு. ஆகாஷுக்கு வாங்கிய வாட்சை மறக்காமல் எடுத்து வா.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா, பாக்யலட்சுமி