எட்டு சிப், நாலு ஜிபி

8 ஜூலை, செவ்வாய்

மச்சானின் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றி வைத்திருந்த ரேம் மெமரி கார்டை எதிர்வீட்டு ஆனந்தவள்ளிக்கு விற்றுவிட்டேன். லேப்டாப்பில் எட்டு ஜிபி இருந்தால்தான் அவளுக்கு வீட்டிலிருந்து பார்க்கும் வேலை கிடைக்குமாம். திங்கட்கிழமை ஆன்லைன் தேர்வு. கார்டில் ஸ்டிக்கர் இல்லை. மச்சான் சவூதியில் தம்மாமிலிருந்து வீடியோவில் பார்த்து, "கறுப்பு சிப்ப எண்ணுட்டி" என்றார். எட்டு. "அப்ப எட்டு ஜிபி."

ஐந்து வருடமாகக் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற மனுஷன். என் புருஷன் என்று எனக்குப் பெருமைதான்.

10 வியாழன்

"எக்கா, நாலுதான் காட்டுது" என்று வந்து நிற்கிறாள். "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிட்டு?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

மச்சானிடம் கேட்டால், "எட்டுன்னா எட்டுதான்" என்று போனை வைத்துவிட்டார். ஏன் அவ்வளவு அவசரம்?

11 வெள்ளி

சாரல். குற்றாலம் போகிற வண்டிகளின் இரைச்சல். இருப்புக் கொள்ளவில்லை. அவள் வீட்டு ஜன்னல் சாத்தியே கிடக்கிறது.

12 சனி

தாங்க முடியவில்லை. ஆனந்தவள்ளியைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பேர் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு, பஜாரில் லேப்டாப் பழுது பார்க்கும் சொரிமுத்து அண்ணாச்சி கடைக்குப் போனேன். கார்டைத் தன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினார். நாலேதான்.

"சிப்ப எண்ணி என்னம்மா செய்ய? ஒரு சிப்புல எவ்வளவு அடங்கும்னு பாக்கணும். இதுல ஒண்ணுக்கு அரை ஜிபி. தொழில் தெரிஞ்சவன் எவனும் எண்ணிச் சொல்ல மாட்டான்."

முகம் எரிந்தது. என் லேப்டாப்பில் இருந்த நிஜமான எட்டு ஜிபியைக் கழற்றி அவளுக்கே போடச் சொல்லிவிட்டேன். "மன்னிச்சிருட்டி." "பரவால்லக்கா" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

13 ஞாயிறு

மச்சானிடம் கேட்கவா? கேட்டு என்ன ஆகப் போகிறது? இன்ஜினியர் என்று ஊரெல்லாம் சொன்னது அவரா, நானா? முதலில் சொன்னது நானாகத்தான் இருக்கும். அவர் மறுக்கவில்லை — அவ்வளவுதான்.

14 திங்கள்

எதிர்வீட்டில் தேர்வு நடக்கிறது. போனில் கேட்டே விட்டேன். "மச்சான், அங்கன நீங்க என்ன வேலை பாக்கிய?"



"பெட்டி இறக்குதேன். கம்ப்யூட்டர் பெட்டிதான்."

திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள், "இடுப்பு ரொம்ப வலிக்குது ஜுஹைனா" என்றார். இந்த ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட என்னிடம் வலிக்கிறது என்று சொன்னதில்லை.